சர்வர் நின்றால் யார் காத்திருப்பது? என்.எஃப்.எஸ். மவுண்ட் ஆப்ஷன்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் நெட்வொர்க் கோப்பு முறை, வேறொரு கணினியின் வட்டில் உள்ள கோப்பகத்தை நம் கணினியிலேயே இருப்பதுபோலக் காட்டும் ஏற்பாடு. அப்படி இணைத்துக்கொள்வதே மவுண்ட்; கோப்பகத்தைத் தரும் கணினி சர்வர், பெறுவது கிளையன்ட். இம்முறை வந்துள்ள கடிதங்கள் எல்லாம் அந்த ‘இருப்பதுபோல’ என்ற சொல்லைச் சுற்றியே வருகின்றன. வட்டு உண்மையில் இங்கே இல்லை. இடையில் கேபிளும் சுவிட்சும் இன்னொரு கணினியும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நின்றுபோனால் என்ன நடக்க வேண்டும் என்பதை, லினக்ஸ் கணினியில் மவுண்ட்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் நான்காவது பத்தியாக நாம் எழுதும் ஆப்ஷன்களே முடிவு செய்கின்றன. ஆப்ஷன்களின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் எழுதும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் எழுத வேண்டும்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முப்பது லினக்ஸ் கணினிகள், மாணவர்களின் ஹோம் கோப்பகங்களை ஒரே சர்வரிலிருந்து மவுண்ட் செய்கின்றன. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது சர்வர் அறையில் மின்சாரம் போய், முப்பது திரைகளும் உறைந்துவிட்டன. இனி இப்படி ஆகாமல் இருக்க ‘சாஃப்ட்’ போடுங்கள் என்று சொல்லி, நண்பர் ஒருவர் தன் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் வரியையே அனுப்பியிருக்கிறார்: ஆர்டபிள்யூ, சாஃப்ட், இன்டர், ஆர்சைஸ் 8192, டபிள்யூசைஸ் 8192, டைமோ 14. இதை அப்படியே போடலாமா?
– ஆய்வகப் பொறுப்பாளர், ஈரோடு

போட வேண்டாம். முப்பது மாணவர்கள் உறைந்த திரையின் முன் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அந்த உறைவுதான் அன்று அவர்களுடைய விடைகளைக் காப்பாற்றியிருக்கும்.

எதுவும் குறிப்பிடாமல் மவுண்ட் செய்தால் கிடைப்பது ‘ஹார்ட்’. ஹார்ட் மவுண்ட்டில், சர்வர் பதில் தரவில்லை என்றால் கிளையன்ட் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் ஆனாலும் கைவிடாது. அந்தக் கோப்பைத் தொட்ட நிரல் அதே இடத்தில் காத்து நிற்கும். கெர்னல் பதிவேட்டில் ‘சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். சர்வர் உயிர்பெற்று எழுந்ததும் நிலுவையில் இருந்த கோரிக்கைகள் எல்லாம் போய்ச் சேர்ந்து, நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிரலைப் பொறுத்தவரை இடையில் எதுவுமே நடக்கவில்லை. ஓர் எழுதும் வேலை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சாஃப்ட் மவுண்ட்டில், குறிப்பிட்ட முறை முயன்றபின் கெர்னல் கைவிட்டு, நிரலிடம் ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்று சொல்லிவிடும். படிக்கும்போது இது நேர்ந்தால் பெரும்பாலும் நிரல் அங்கேயே பிழை காட்டிவிடும், சேதம் இல்லை. சிக்கல் எழுதும்போதுதான் வருகிறது. நிரல் எழுதச் சொன்ன தரவு முதலில் நம் கணினியின் நினைவகத்தில்தான் விழுகிறது. ‘எழுதியாயிற்று’ என்ற பதிலும் நிரலுக்கு உடனே கிடைத்துவிடுகிறது. தரவு சர்வருக்குப் போவது அதன் பிறகு. அங்கே தோல்வி நேர்ந்தால், கோப்பை மூடும்போதோ, தரவை வட்டில் பதியச் சொல்லும் எஃப்சிங்க்கை அழைக்கும்போதோதான் நிரலுக்கு அது தெரியவரும். கோப்பை மூடும் அழைப்பு வெற்றி பெற்றதா என்று சோதித்துப் பார்க்காத நிரல்கள் ஏராளம். அப்படிப்பட்ட நிரல், சேமித்துவிட்டதாகவே எண்ணி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இரவில் தயாராகும் கணக்கு அறிக்கைகள் சாஃப்ட் மவுண்ட் ஒன்றில் எழுதப்பட்டு வந்தன. ஓர் இரவு சுவிட்ச் ஒன்று சில நிமிடங்கள் தடுமாறியது. மறுநாள் காலையில் கோப்பு இருந்தது, அதன் அளவும் ஏறத்தாழ வழக்கமான அளவாகவே இருந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. திறந்து பார்த்தவர்தான், நடுவில் சில பக்கங்களில் எழுத்துக்குப் பதிலாக வெறும் பூஜ்ஜிய பைட்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். முன்னால் அனுப்பிய சில துண்டுகள் தொலைந்து, பின்னால் அனுப்பியவை மட்டும் போய்ச் சேர்ந்திருந்தன. அதற்குள் காப்பு நகலும் அந்தப் பழுதான கோப்பையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, எழுதும் அனுமதியுள்ள மவுண்ட் ஒன்றில் சாஃப்ட் என்ற சொல்லைக் கண்டால் நான் அதை நீக்காமல் நகர்வதில்லை.

நண்பர் தந்த வரியில் மற்றவையும் வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைமோ நொடிக் கணக்கில் எழுதப்படுவதில்லை, நொடியின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் எழுதப்படுவது. ஆகவே 14 என்றால் 1.4 நொடி. என்.எஃப்.எஸ்., யு.டி.பி. என்ற நெட்வொர்க் அனுப்பும் முறை வழியாக ஓடிய நாட்களில் அந்த எண்ணுக்குப் பொருள் இருந்தது. இன்று வழக்கமாகப் பயன்படும் டி.சி.பி. வழியில் இயல்பு மதிப்பு 600, அதாவது 60 நொடி. தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் வேலையை டி.சி.பி. தானே பார்த்துக்கொள்வதால் இந்த நீண்ட அவகாசம். டைமோ 14ஐயும் சாஃப்ட்டையும் சேர்த்து வைத்தால், சர்வரின் வட்டு சில நொடிகள் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலே போதும், மாணவரின் கோப்பு பாதியில் அறுந்துவிடும். அதற்கு மின்சாரம் போகக்கூட வேண்டியதில்லை. ‘இன்டர்’ ஆப்ஷனை 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்தே லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பதிப்பிலிருந்து, ஹார்ட் மவுண்ட்டில் சிக்கி நிற்கும் நிரலையும் கில் கட்டளையின் 9ஆம் எண் சமிக்ஞையால் முடித்துவிடலாம். 8192ஐப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருப்பதால் கீழே சொல்கிறேன்.

ஆகவே ஹார்டையே வைத்துக்கொள்ளுங்கள். டைமோ, எத்தனை முறை முயல்வது என்று சொல்லும் ரீட்ரான்ஸ் இரண்டையும் எழுதாமலே விட்டுவிடுங்கள். பணத்தைச் சர்வருக்கும் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். வாங்குவதில் செலவிடுங்கள். சுவிட்ச் என்று சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு: சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு, நடுவில் உள்ள சுவிட்சைச் சாதாரண பிளக்கில் விட்டுவைத்த ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு நாளுக்கென்று இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். என்.எஃப்.எஸ். 4ஆம் பதிப்பில் சர்வர் மீண்டும் எழுந்ததும், பழைய கிளையன்ட்கள் தாங்கள் வைத்திருந்த பூட்டுகளைத் திரும்பப் பெறுவதற்காக ஓர் அவகாசம் கொடுக்கும். லினக்ஸ் சர்வரில் அது இயல்பாக 90 நொடி. அந்த நேரத்தில் புதிதாகக் கோப்பைத் திறக்கும் கோரிக்கைகள் நிறுத்தி வைக்கப்படும். சர்வர் வந்துவிட்டதே, திரை இன்னும் நகரவில்லையே என்று பதறிக் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட வேண்டாம். அணைத்தால், சர்வருக்குப் போக நினைவகத்தில் காத்திருக்கும் தரவு போய்விடும்.

சாஃப்ட்டுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. மென்பொருள் நிறுவல் கோப்புகள், பாட வீடியோக்கள் போன்றவற்றை வாசிக்க மட்டும் என்று ‘ஆர்ஓ’ போட்டு மவுண்ட் செய்யும்போது சாஃப்ட் போடுவதில் தவறில்லை. அங்கும் டைமோவைக் குறைக்காதீர்கள்.

சர்வர் அணைந்திருக்கும் நேரத்தில் என் கணினியைப் போட்டால், பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது. ‘நோஃபெயில்’ போட்டால் சரியாகும் என்கிறார்கள். அதில் ஆபத்து ஏதும் உண்டா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

நோஃபெயில் போட்டால் பூட் நிற்காது, உண்மை. நீங்கள் சொல்லும் ஒன்றரை நிமிடம், லினக்ஸில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஒரு வேலை தொடங்குவதற்காக இயல்பாகக் காத்திருக்கும் 90 நொடி. நோஃபெயில் என்றால், மவுண்ட் ஆகாவிட்டாலும் கணினி தன் வழியில் எழுந்து வரலாம் என்று நாம் அனுமதி கொடுக்கிறோம்.

ஆபத்தைக் கேட்டது நல்லது, ஏனென்றால் ஒன்று இருக்கிறது. மவுண்ட் ஆக வேண்டிய கோப்பகம், மவுண்ட் ஆகாத நேரத்தில் உங்கள் சொந்த வட்டில் உள்ள ஒரு வெற்றுக் கோப்பகமாக அங்கேயே இருக்கும். இரவு 2 மணிக்கு ஓடும் காப்பு நகல் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சர்வருக்குப் போக வேண்டிய கோப்புகளையெல்லாம் அது உங்கள் வட்டிலேயே கொட்டி நிரப்பும். காலையில் வட்டு நிறைந்து கணினி முடங்கும்; அதைவிடக் கெடுதலாக, மறுநாள் மவுண்ட் சரியாக நடந்துவிட்டால் அந்தக் கோப்புகள் மவுண்ட்டுக்கு அடியில் மறைந்துபோய், வட்டு எதனால் நிறைந்தது என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். இதைத் தடுக்க, மவுண்ட் செய்யாத நிலையில் அந்த வெற்றுக் கோப்பகத்துக்கு சேட்டர் கட்டளையில் ‘கூட்டல் ஐ’ கொடுத்து, மாற்ற முடியாததாக ஆக்கிவிடுங்கள். பிறகு எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராலும் அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது. ஆனால் அதன்மேல் மவுண்ட் செய்ய எந்தத் தடையும் இருக்காது. காப்பு நகல் நிரலின் முதல் வரியில் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துவிட்டுத் தொடங்குவதும் நல்ல பழக்கம்.

நோஃபெயிலைவிட எனக்குப் பிடித்தது எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற ஆப்ஷன். பூட் ஆகும்போது மவுண்ட்டைத் தொடுவதே இல்லை. யாராவது அந்தக் கோப்பகத்துக்குள் முதன்முதலாக நுழையும்போதுதான் அது மவுண்ட் ஆகும். மடிக்கணினிகளில் இதோடு எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட் 600 என்றும் சேர்த்தால், பத்து நிமிடம் யாரும் தொடாத மவுண்ட் தானே கழன்றுகொள்ளும். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபின், அங்கே இல்லாத சர்வரைத் தேடி அது தவிக்கும் நிலை பெருமளவு குறையும்.

பழைய கையேடு ஒன்றைப் பார்த்து ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டையும் 8192 என்று வைத்திருக்கிறேன். கிகாபிட் நெட்வொர்க் இருந்தும் வேகம் இல்லை. குறிப்பாகச் சிறுசிறு கோப்புகளை நகலெடுக்கும்போது தாங்க முடியவில்லை. எந்த எண்ணைப் போட வேண்டும்?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

எந்த எண்ணும் போட வேண்டாம், இரண்டையும் அழித்துவிடுங்கள். அவை ஒரே கோரிக்கையில் படிக்கும், எழுதும் தரவின் அளவுகள். 8192 பைட் என்பது என்.எஃப்.எஸ். 2ஆம் பதிப்பின் உச்சவரம்பு. 1995இல் வெளியான 3ஆம் பதிப்பிலேயே அந்த வரம்பு தளர்ந்துவிட்டது. இன்று நீங்கள் எண் எதுவும் எழுதாவிட்டால், இரு கணினிகளும் தங்களுக்குள் பேசி, இருவரும் தாங்கக்கூடிய பெரிய அளவை ஒப்புக்கொள்கின்றன. லினக்ஸில் அது 1048576 பைட் வரை போகும். நீங்கள் எழுதிய எண் அதில் 128இல் ஒரு பங்கு. ஒரே லாரியில் ஏற்றக்கூடிய சரக்கை 128 நடையாகத் தலைச்சுமையில் கொண்டுபோவதற்கு ஒப்பானது அது.

ஆனால் இந்த மாற்றம் பெரிய கோப்புகளுக்குத்தான் உதவும். சிறிய கோப்புகளின் தாமதத்துக்குக் காரணம் வேறு. ஒரு கோப்பைத் தேடி, உருவாக்கி, எழுதி, வட்டில் பதியச் செய்து, மூடுவதற்கு ஏறக்குறைய நான்கைந்து கோரிக்கைகள் சர்வருக்குப் போய்வர வேண்டும். ஒவ்வொரு போய்வரலுக்கும் அரை மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் கோப்புகளுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் போக்குவரத்திலேயே கழிந்துவிடுகிறது. ஒவ்வொரு கோப்பும் வட்டில் உண்மையாகவே பதியும் வரை சர்வர் காத்திருப்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். எந்த ஆப்ஷனும் இதை மாயமாக்கிவிடாது. அந்த ஒரு லட்சம் கோப்புகளையும் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பி, சர்வரிலேயே பிரித்துக்கொள்வது பல மடங்கு வேகமானது.

இந்தத் தாமதத்தைக் கண்டு பொறுக்காமல், எந்தக் கோப்பகத்தை யாருக்குத் தருவது என்று எழுதும் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘அசிங்க்’ என்று போடுமாறு பலர் சொல்வார்கள். வேகம் உண்மையாகவே கூடும். ஏன் கூடுகிறது என்றால், தரவு வட்டில் பதியும் முன்பே பதிந்துவிட்டதாகச் சர்வர் பொய்ப் பதில் தருகிறது. அந்த நேரத்தில் சர்வரின் மின்சாரம் போனால், கிளையன்ட் தன்னிடம் இருந்த நகலை ஏற்கெனவே விட்டிருக்கும். தரவு இரண்டு பக்கத்திலும் இல்லை. மேலே ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன ஹார்ட் மவுண்ட்டின் பாதுகாப்பு முழுவதையும் இந்த ஒரே சொல் பறித்துவிடும். மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னல் 5.3 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ‘என்கனெக்ட்’ ஆப்ஷனை முயன்று பார்க்கலாம். ஒரே சர்வருக்கு ஒன்றுக்குப் பதிலாகப் பல டி.சி.பி. இணைப்புகளைத் திறக்கும், உச்சம் 16. பத்து கிகாபிட் இணைப்பில் பயன் தெரியும். உங்கள் கிகாபிட் இணைப்பில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். யாரேனும் வேகத்துக்காக யு.டி.பி.க்கு மாறச் சொன்னால் கேட்காதீர்கள். வேகமான இணைப்புகளில், துண்டுகளாக உடைந்த பாக்கெட்டுகள் தவறாக ஒட்டப்பட்டுத் தரவு கெடும் வாய்ப்பு யு.டி.பி.யில் உண்டு. 2020இல் வந்த 5.6 கெர்னல் முதல் என்.எஃப்.எஸ்.க்கான யு.டி.பி. ஆதரவு இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது.

ஒரு கணினியில் எழுதி முடித்த கோப்பு, பக்கத்துக் கணினியில் அரை நிமிடம் கழித்துத்தான் தென்படுகிறது. ‘நோஏசி’ போட்டதும் சரியாகிவிட்டது, ஆனால் எல்லாமே மந்தமாகிவிட்டது.
– வாசகர், மதுரை

ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் தாமதமாகும் என்பதால், கோப்பின் அளவு, நேரம், கோப்பகத்தில் உள்ள பெயர்கள் ஆகியவற்றைக் கிளையன்ட் சிறிது நேரம் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த நேரம் இயல்பாகக் கோப்புக்கு 3 முதல் 60 நொடி, கோப்பகத்துக்கு 30 முதல் 60 நொடி. நீங்கள் கண்ட அரை நிமிடம் அந்தக் கோப்பகக் கணக்கிலிருந்து வருகிறது. உங்கள் நிரல் ‘அந்தக் கோப்பு வந்துவிட்டதா’ என்று முதல்முறை பார்த்தபோது இல்லை என்ற பதில் கிடைத்திருக்கும். அந்த ‘இல்லை’யையும் கெர்னல் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த கேள்விகளுக்குச் சர்வரைக் கேட்காமலே அதைத் திருப்பித் தந்திருக்கும்.

நோஏசி இந்த நினைவு முழுவதையும் அணைத்துவிடுகிறது. கூடவே எழுதும் தரவையும் உடனுக்குடன் சர்வருக்கு அனுப்ப வைக்கிறது. மந்தத்துக்கு அதுதான் காரணம். உங்கள் தேவைக்கு லுக்அப்கேஷ் என்ற ஆப்ஷனை ‘பாசிட்டிவ்’ என்று வைத்தால் போதும்: இருக்கும் பெயர்களை நினைவில் வைக்கும், ‘இல்லை’ என்ற பதிலை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும். நோஏசியை எடுத்துவிடுங்கள்.

கோப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை என்.எஃப்.எஸ். தரும் உறுதி ஒன்றே: ஒருவர் மூடியபின் மற்றவர் திறந்தால், மூடியவர் எழுதியது முழுவதும் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் இந்த உறுதி இல்லை. எனவே எழுதும் நிரல் தற்காலிகப் பெயரில் எழுதி, மூடி, அதன்பின் உரிய பெயருக்கு மாற்றட்டும். பெயர்மாற்றம் சர்வரில் ஒரே செயலாக நடப்பதால், படிப்பவர் பாதிக் கோப்பைக் காண நேராது.

எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் மேக் கணினிகளும் லினக்ஸ் சர்வரும் உள்ளன. சர்வரில் ‘பொங்கல் மலர்’ என்ற பெயரில் இரண்டு கோப்பகங்கள் தெரிகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒன்றில் பழைய பக்கங்கள், இன்னொன்றில் புதியவை. ஒரே பெயரில் இரண்டு கோப்பகங்கள் எப்படி இருக்க முடியும்?
– பக்க வடிவமைப்பாளர், சென்னை

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழில் நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதும் கேள்வியும் இதுதான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டு பெயர்களும் பைட்டுகளில் வேறு. ‘பொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ப’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு முறை. ‘ப’வுக்குப் பின் ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடாகவும் கால் இன்னொரு குறியீடாகவும் வைப்பது இன்னொரு முறை. திரையில் இரண்டும் ஒரே ‘பொ’. யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால், ‘பொங்கல்’ முதல் முறையில் 21 பைட், இரண்டாம் முறையில் 24 பைட். இரண்டும் சமம் என்றே யூனிகோடு தரம் சொல்கிறது. ஆனால் லினக்ஸ் சர்வர் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை. பைட் வரிசையாகவே பார்க்கிறது. வரிசை வேறு என்றால் அதற்கு அது வேறு கோப்பகம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றின் குறிகளுக்கும் இது பொருந்தும். ‘தோட்டம்’, ‘கொடி’, ‘மௌனம்’ எதுவும் விலக்கல்ல.

மேக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே வைத்துக்கொள்ளும். அங்கிருந்து நகலெடுக்கப்படும் பெயர் பிரிந்த வடிவிலேயே சர்வருக்குப் போகும். லினக்ஸிலோ விண்டோஸிலோ தட்டச்சு செய்த பெயர் பெரும்பாலும் சேர்ந்த வடிவில் இருக்கும். இப்படித்தான் உங்கள் மலர் இரண்டானது. மேக்கின் என்.எஃப்.எஸ். கிளையன்ட்டில் இதற்கென்றே ‘என்எஃப்சி’ என்ற மவுண்ட் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால், சர்வருக்கு அனுப்பும் பெயர்களையெல்லாம் மேக் சேர்ந்த வடிவுக்கு மாற்றி அனுப்பும். ஒவ்வொரு மேக்கிலும் என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் கிளையன்ட் மவுண்ட் ஆப்ஷன்களுக்கான வரியில் இதை ஒருமுறை எழுதிவிட்டால் நிரந்தரம். மேக்கிலிருந்து மவுண்ட் செய்யும்போதே அனுமதி மறுக்கப்பட்டால், ‘ரெஸ்வ்போர்ட்’ ஆப்ஷனையும் சேருங்கள். 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே லினக்ஸ் சர்வர் இயல்பாக ஏற்கும்.

வரிசையைக் கவனியுங்கள். சர்வரில் ஏற்கெனவே பிரிந்த வடிவில் கிடக்கும் பெயர்களை முதலில் மாற்றிவிட்டுத்தான் என்எஃப்சி போட வேண்டும். இல்லையென்றால் மேக் சேர்ந்த வடிவில் கேட்கும், சர்வரில் அது இருக்காது, கோப்பு பட்டியலில் தெரிந்தும் திறக்க மறுக்கும். கான்வ்எம்வி என்ற கட்டளை இந்த மாற்றத்தைச் செய்யும். அது முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்ட மட்டுமே செய்யும்; நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். ஒரே பெயரில் இரண்டாகக் கிடக்கும் கோப்பகங்களின் பக்கங்களை நீங்களே பார்த்து ஒன்றாக்கிய பிறகு ஓட்டுங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. லினக்ஸ் கோப்பு முறைகளில் பெயரின் உச்ச நீளம் 255 பைட். தமிழில் அது 85 குறியீடுகள்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், எழுத்துக் கணக்கில் இன்னும் குறைவு. கட்டுரையின் முழுத் தலைப்பையே கோப்புப் பெயராக வைப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். விண்டோஸில் இடம் பெற்ற அந்தப் பெயர், சர்வருக்கு வரும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று மறுக்கப்படும். மவுண்ட் ஆப்ஷன் எதுவும் இதற்கு உதவாது. பெயரைத்தான் சுருக்க வேண்டும்.

எஃப்எஸ்டேப்பில் ஆப்ஷனை மாற்றி ரீமவுண்ட் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் பழையபடியே இருக்கிறது.
– வாசகர், வேலூர்

வாசிக்க மட்டும் என்பது போன்ற பொதுவான ஆப்ஷன்களை ரீமவுண்ட்டில் மாற்றலாம். பதிப்பு, டி.சி.பி. போன்ற என்.எஃப்.எஸ்.க்கே உரிய ஆப்ஷன்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை அப்படி மாறா. முழுவதும் அன்மவுண்ட் செய்துவிட்டு மீண்டும் மவுண்ட் செய்யுங்கள். அதன்பின் என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை ‘எம்’ என்ற குறியோடு ஓட்டுங்கள். நாம் கேட்டதையல்லாமல், சர்வரோடு பேசி முடிவான உண்மையான மதிப்புகளை அது காட்டும். எஃப்எஸ்டேப் கோப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எங்கள் நெட்வொர்க்குக்கு எழுதும் அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கிளையன்ட் கணினிகளில் வாசிக்க மட்டுமே முடிகிறது. வரி இது: கோப்பகத்தின் பெயர், பிறகு 192.168.1.0/24, பிறகு அடைப்புக்குறிக்குள் ஆர்டபிள்யூ.
– பள்ளிக் கணினி ஆசிரியர், தஞ்சாவூர்

நீங்கள் அனுப்பிய வரியை எழுத்தெண்ணிப் பார்த்தேன். 24க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இடைவெளி என்பது ஒரு கிளையன்ட்டை அடுத்த கிளையன்ட்டிலிருந்து பிரிக்கும் குறி. ஆகவே சர்வர் உங்கள் வரியை இப்படிப் புரிந்துகொண்டது: 192.168.1.0/24 நெட்வொர்க்குக்கு இயல்பான அனுமதி, அதாவது வாசிக்க மட்டும். அதன்பின் பெயர் எதுவும் இல்லாத அடைப்புக்குறி, அதாவது உலகில் உள்ள யாருக்கும் எழுதும் அனுமதி. உங்கள் ஆசிரியர்களுக்கு மறுக்கப்பட்டது, சர்வரை எட்டக்கூடிய வேறு எவருக்கும் திறந்து கிடக்கிறது.

இன்றே அந்த இடைவெளியை அழித்து, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘ஆர்ஏ’ குறியோடு ஓட்டுங்கள். பிறகு ‘வி’ குறியோடு ஓட்டி, பட்டியலில் ‘வேர்ல்டு’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். ரூட் பயனராக எழுத முடியவில்லை என்று அடுத்து உங்களுக்குத் தோன்றலாம். கிளையன்ட்டின் ரூட்டைச் சர்வர் 65534 என்ற உரிமையற்ற பயனராக மாற்றிவிடுவது இயல்பான பாதுகாப்பு. அதை நீக்கும் நோ_ரூட்_ஸ்குவாஷைப் பள்ளிக் கணினிகளுக்குக் கொடுக்காதீர்கள். கிளையன்ட் பக்கத்தில் நோசூயிட், நோடெவ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அங்குள்ள நிரல் ரூட் உரிமையோடு ஓடுவதையும் சாதனக் கோப்புகள் இயங்குவதையும் அவை தடுக்கும். வரியைத் திருத்தும் வரையிலான நாட்களில் அந்தக் கோப்பகத்தில் யார் எதை எழுதினார்கள் என்பதையும் கோப்புகளின் தேதியை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்.